காக்காவுக்கு வைத்த சோறு: காதலையும் இழப்பையும் பறவை வழியாகக் கதையில் எழுத ஒரு முழு வழிகாட்டி

கடலூரில் நாங்கள் சிலர் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, எழுதிய கதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுவோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடிதான் இடம். டீயும் மசால் வடையும் முறை வைத்து வாங்கி வருவோம். அங்கே நான் கேட்ட கதைகளில் செத்துப்போன பறவைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு சரணாலயமே வைக்கலாம். காதலிக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடக்கும், ஜன்னலோரம் ஒரு புறா செத்து விழும். அம்மா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடுவாள், வெள்ளைப் பறவை ஒன்று எழும்பி வானத்தில் மறையும். காதலன் கூண்டைத் திறந்து கிளியைப் பறக்கவிடுவான். இந்த மூன்றாவதை எழுதியவன் நான்தான்.

எழுதுகிறவர்கள் பறவையைப் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை. அது வரும், ஜோடி சேரும், கூடு கட்டும், ஒரு நாள் காணாமல் போகும். காதலுக்கும் இழப்புக்கும் வேண்டியதெல்லாம் அதனிடம் தயாராக இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். தயாராக இருப்பதை அப்படியே தூக்கி வைத்தால், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த அன்னம்தான் கதைக்குள் வந்து உட்காரும்.

நிறையக் கதைகளைக் கெடுத்த பிறகு எனக்குப் புரிந்தது இது: கதையில் வரும் பறவை தன் பிழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதில் காதலையும் இழப்பையும் ஏற்றுவது, பார்த்துக்கொண்டு நிற்கிற மனுஷருடைய வேலை. கீழே உள்ள படிகள் எல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

படி 1: ஒரு வாரம் சும்மா பாருங்கள்

கதையைத் தொடாதீர்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். எந்த நேரம், என்ன பறவை, என்ன செய்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் அதைக் கவனித்தார்களா என்பதை மட்டும் எழுதுங்கள். அழகு, சோகம், சுதந்திரம் என்ற சொற்கள் நோட்டில் வரக்கூடாது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்காகத் தூரம் போகிற வேலை இல்லை. கெடிலம் கடலோடு சேரும் பக்கம் காலையில் போய் நின்றால் கொக்கும் உள்ளானும் சேற்றில் மேய்ந்துகொண்டிருக்கும். முதுநகரில் படகு கரைக்கு வந்து மீன் இறக்கும் நேரத்தில், கழுத்து வெள்ளையும் முதுகு செம்மண் நிறமுமாகக் கருடன் வட்டம் போடும். புதுச்சேரிக்காரர்களுக்கு மேற்கே ஊசுடு ஏரி இருக்கிறது. 2008இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மார்கழி, தை மாதங்களில் வெளியூர் வாத்துகள் தண்ணீரில் புள்ளி புள்ளியாக மிதக்கும். பாகூர் ஏரி, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு என்று இன்னும் இருக்கின்றன. ஆனால் கதைக்கு நான் நம்புவது இவற்றைவிட வீட்டு மதிலையும் கரண்டுக் கம்பியையும்தான்.

ஒரே ஒரு பறவையைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். வாய்க்கால் ஓரம், குட்டை ஓரம், மூடாத சாக்கடை ஓரம் எங்கும் நிற்கும் மடையான். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். நிற்கும்போது அது சேற்று நிறம். பக்கத்தில் போகும்வரை அங்கே ஒன்று நிற்பதே தெரியாது. நம் காலடி பட்டதும் எழும்பும் பாருங்கள், சிறகு ரெண்டும் பளீரென்று வெள்ளை! இத்தனை நேரமும் அந்த வெள்ளை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கிளம்பிப் போகிற நேரத்தில்தான் அது கண்ணில் படுகிறது. பத்து வருஷம் கூடவே இருந்த ஒருத்தியை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கும்போது முதல் முறையாகப் பார்க்கும் புருஷனைப் பற்றி ஒரு கதை எழுதலாம். அதில் மடையான் ஒரு வரி வந்தால் போதும். வெள்ளைப் புறாவை எங்கிருந்தும் தருவிக்க வேண்டியதில்லை.

படி 2: அந்தப் பறவை உண்மையில் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். விடியலில் மேலே மேலே ஏறும் குரலில் கூவுவது ஆண். கறுப்பு உடம்பு, சிவப்புக் கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், அதன் சத்தம் ‘கிக் கிக்’ என்று வெட்டி வெட்டி வரும். ஆகவே ‘பிரிந்த காதலனை எண்ணிப் பெண் குயில் கூவியது’ என்று இன்றைக்கு நடக்கும் யதார்த்தக் கதையில் எழுதினால், தெரிந்தவர்கள் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவார்கள். பாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

குயில் தன் முட்டையைக் காக்காக் கூட்டில் இடும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைத் துரோகம் என்று எழுதித் தேய்த்தாயிற்று. காக்காவின் பக்கத்திலிருந்து யாரும் எழுதுவதில்லை. வாயைப் பிளந்துகொண்டு கத்தும் குஞ்சு தன்னுடையதா என்று அது கேட்பதில்லை, இரை கொண்டுவந்து ஊட்டுகிறது. தத்துப் பிள்ளையைப் பற்றி எழுத நினைப்பவர் அந்தக் கூட்டை ஒரு நாள் முழுக்கப் பார்க்கலாம்.

தூக்கணாங்குருவி இன்னும் சுவாரசியம். கிணற்றுக்கு மேலே சாய்ந்த மரத்திலும் பனை, ஈச்ச மரங்களிலும் தொங்கும் அந்தக் கூட்டை ‘காதலின் அடையாளம்’ என்று எழுதிவிடுகிறோம். நடப்பது வேறு. ஆண் பாதிக் கூடு கட்டும், கவிழ்த்த ஹெல்மெட் போல. பெண் வந்து உள்ளே நுழைந்து, இழுத்துப் பார்த்துச் சோதிக்கும். பிடித்தால் சேரும், ஆண் மீதியையும் நுழைகிற குழாயையும் கட்டி முடிக்கும். பிடிக்கவில்லை என்றால் போய்விடும், அந்தப் பாதிக் கூடு அப்படியே தொங்கும். ஒப்புக்கொண்ட பெண் முட்டையில் உட்கார்ந்ததும் ஆண் பக்கத்துக் கிளையில் அடுத்த கூட்டை ஆரம்பித்துவிடும். எந்தக் கல்யாண வாழ்த்துக்கும் இது ஒத்துவராது. மனை வாங்கி, அஸ்திவாரம் போட்டு, தளம் வரைக்கும் எழுப்பி, பெண் வீட்டார் வேண்டாம் என்று சொன்ன பிறகு அப்படியே விடப்பட்ட ஒரு வீட்டைப் பற்றி எழுதுகிறீர்களா? அந்த அரைக் கூட்டைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

கூண்டுக் கிளிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் பச்சைக் கிளியை வீட்டில் அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இன்றைய கதையில் கூண்டுக் கிளி வந்தால் அந்த வீட்டில் ஒரு பயமும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியுமா, யாராவது சொல்லிக் கொடுத்துவிடுவார்களா என்ற பயம். ரகசியக் காதலை எழுதுபவருக்கு அது நல்ல சரக்கு. என் பழைய கதையில் கிளி இருந்தது, இந்தப் பயம் இல்லை. அதனால்தான் கூண்டு திறந்தபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பருவமும் முக்கியம். ஐப்பசி மழையில் குயிலை விடியவிடியக் கூவ வைக்காதீர்கள். அது கோடையின் சத்தம்.

படி 3: பழைய பாட்டுகளில் பறவை எப்படி நிற்கிறது என்று பாருங்கள்

தமிழில் எழுதுகிறவருக்குப் பறவை வெறுங்கையோடு வருவதில்லை. ரெண்டாயிரம் வருஷத்து மூட்டையோடு வருகிறது. அந்த மூட்டையில் இருப்பது தெரியாமல் எழுதக்கூடாது, தெரிந்ததை எல்லாம் கொட்டவும் கூடாது.

ஜோடி பிரியாத பறவை என்றால் நம் பாட்டில் முதலில் அன்றில். பனைமரத்தில் இருக்கும், துணையை விட்டு இருக்காது, நள்ளிரவில் அது கூப்பிட்டால் பிரிந்திருப்பவர்களுக்குத் தூக்கம் போய்விடும். குறுந்தொகை 160ஆம் பாட்டு அதன் தலையை நெருப்புக்கும், வளைந்த அலகை இறாலுக்கும் ஒப்பிடுகிறது. சிவப்புத் தலை, வளைந்த மூக்கு என்பதை வைத்து அரிவாள் மூக்கன்தான் அன்றில் என்று பலரும் சொல்கிறார்கள். இறால் உவமையைப் பாருங்கள். இறாலைப் பார்த்துப் பழகியவர் கண்ணில் அது வேறெப்படித் தெரியும்? கடலூர் மீன் மார்க்கெட்டில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கும் அந்த உவமை இன்றைக்கும் வரும்.

மகன்றில் இன்னும் ஒரு படி மேலே. நீரில் வாழும் அந்த ஜோடிக்கு நடுவே ஒரு பூ குறுக்கிட்டால்கூட ஒரு வருஷம் பிரிந்தது போல இருக்குமாம். இதையும் குறுந்தொகைதான் சொல்கிறது, 57ஆம் பாட்டில்.

ஆனால் எழுதப் பழகுபவர் மனப்பாடம் செய்ய வேண்டியது குறுந்தொகையில் கபிலர் பாடிய 25ஆம் பாட்டு. ரகசியமாக ஒருவன் ஒரு பெண்ணைச் சேர்ந்தான். சாட்சிக்கு யாரும் இல்லை. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அப்புறம் நினைவுக்கு வருகிறது: ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது. தினைத்தாள் போலச் சிறிய பச்சைக் கால், ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாட்டு அதோடு முடிந்துவிடுகிறது. குருகு இவர்களைப் பார்க்கவில்லை, மீனைப் பார்த்தது. இருந்த ஒரே சாட்சியும் வேறு வேலையாக இருந்தது. அவளுடைய கதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அந்தக் குருகு கண்ணீர் விட்டிருந்தாலோ, அவளைப் பரிதாபமாகப் பார்த்திருந்தாலோ பாட்டு அங்கேயே செத்திருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள்: அத்தனை பதற்றத்துக்கு நடுவிலும் அந்தக் காலின் நிறமும் பருமனும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. வாழ்க்கை தலைகீழாகும் நேரத்தில் கண் இப்படித்தான் எதையாவது சம்பந்தமில்லாததைப் பிடித்துக்கொள்ளும்.

குறுந்தொகை 46 குருவிப் பாட்டு. வாடிய ஆம்பல் பூ நிறத்தில் சிறகைக் குவித்துக்கொள்ளும் வீட்டுக்குருவி முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்னும், தெருப் பொதுவில் கிடக்கும் எருத்தூளில் குடைந்து குளிக்கும், வீட்டு இறவாணத்தில் குஞ்சுகளோடு அடையும். இப்படி ஒரு மாலை நேரம் அவர் போன ஊரில் இல்லையா தோழி என்று தலைவி கேட்கிறாள். அவ்வளவுதான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணைப் பற்றி எழுதுகிறவர்கள் இதற்கு மேல் ஒரு உத்தி தேட வேண்டாம். குருவி சாயங்கால வேலைகளை ஒவ்வொன்றாக முடித்து வீட்டுக்குள் போகிறது, அவள் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

புதுச்சேரிக்கு வருவோம். பாரதி 1908 முதல் 1918 வரை இங்கே இருந்தார். குயில் பாட்டின் கதை நடப்பது நகருக்கு மேற்கே ஒரு மாஞ்சோலையில். அதில் குயில் பாடுகிறது: ‘காதல் காதல் காதல், காதல் போயிற் காதல் போயிற் சாதல் சாதல் சாதல்.’ காதலையும் இழப்பையும் ஒரே மூச்சில் வைத்த வரி. ஆனால் பாரதி அதை அங்கேயே விட்டுவிடவில்லை. அடுத்து அந்தக் குயில் ஒரு குரங்கிடம் போய் அதையே பாடுகிறது, பிறகு ஒரு மாட்டிடம். கவிஞருக்குப் பொறாமையில் வயிறு எரிகிறது. நமக்குச் சிரிப்பு. இந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் முதலில் வந்த ‘சாதல் சாதல்’ சினிமா வசனம் ஆகியிருக்கும். இங்கே பாடுவது பெண் குயில்தான். முழுக்கவும் ஒரு பகல் கனவு என்று கடைசியில் சொல்லிவிடுவதால், நான் மேலே போட்ட சட்டம் அதற்குச் செல்லாது. பாரதிதாசன் தன் பத்திரிகைக்கே குயில் என்று பெயர் வைத்தார். 2007இல் புதுச்சேரி அரசும் குயிலையே மாநிலப் பறவையாக அறிவித்தது. இத்தனை பேர் கைபட்ட பறவையை அந்த ஊரிலேயே உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருப்பது நல்லது.

படி 4: ஒரே ஒரு பறவையைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு கதைக்கு ஒன்று. புறாவும் கிளியும் மயிலும் ஒரே கதையில் வந்தால் அது மிருகக்காட்சிச் சாலை. தேர்ந்தெடுக்கும்போது என் அளவுகோல் இதுதான்: காதலும் இழப்பும் ரெண்டும் அந்தப் பறவையிடம் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

ஆந்தையில் இழப்பு மட்டும் இருக்கிறது. ‘சாக்குருவி கத்துது’ என்று எங்கள் பாட்டி விளக்கைப் போடச் சொல்வாள். கிளியில் காதல் மட்டும். ரெண்டையும் சுமப்பது நாம் திரும்பிக்கூடப் பார்க்காத காக்கா. அது கரைந்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று அர்த்தம். இந்த நம்பிக்கை எவ்வளவு பழசு என்றால், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு ஏழு கலம் நெய்ச்சோறு வைத்தாலும் போதாது என்று குறுந்தொகையிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. அதைப் பாடியவர் பெயரே காக்கைபாடினியார் ஆகிவிட்டது. அதே காக்காதான் அமாவாசைக்கும் திதிக்கும் செத்தவர்களின் இடத்தில் வந்து சோறு எடுக்கிறது. வரப்போகிறவருக்கும் திரும்பி வராதவருக்கும் ஒரே பறவை! இந்த வசதி கிடைத்த மொழிக்காரர்கள்மேல் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும், நாமும் அந்த மொழிக்காரர்கள்தான் என்பது ஞாபகம் வரும்வரை.

இனி ஒரு மாதிரிக் கதையை எடுத்துக்கொண்டு போவோம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு. ராமலிங்கம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவி தனம். தினமும் சாப்பிடுமுன் தனம் மதில்மேல் காக்காவுக்குச் சோறு வைப்பாள். பிறகு தனம் இறந்துபோகிறாள். நேற்றுவரை அவள் கையால் சோறு தின்ற காக்கா இன்றைக்கு அவளாகவே வந்து தின்ன வேண்டும். கதைக்கு இது போதும்.

படி 5: எத்தனை முறை வரும் என்று முடிவு செய்யுங்கள்

என் வழக்கம் மூன்று முறை.

முதல் முறை அது வெறும் காக்கா. அதற்கு ஒரு வேலை இருக்க வேண்டும், வாசகருக்கு அதில் எந்தச் சந்தேகமும் வரக்கூடாது. தனம் சோறு வைக்கிறாள், ‘இரு, பறக்காத’ என்று திட்டுகிறாள். காக்கா காய்ந்த பண்டத்தைத் தண்ணீரில் நனைத்துத் தின்னும் பழக்கம் உள்ளது. அதற்காக ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்திருக்கிறாள். ‘காக்காவுக்கு வடையா, வெலவாசி தெரியுமா?’ என்று ராமலிங்கம் எரிந்து விழுகிறார். ரெண்டு பேருக்கும் நடுவே உள்ள அன்பு இந்தச் சண்டையில் வந்துவிட வேண்டும், தனியாக ஒரு காதல் காட்சி வைக்க வேண்டாம்.

ரெண்டாம் முறை தனம் ஆஸ்பத்திரியில். ராமலிங்கம் துணி எடுக்க வீட்டுக்கு வருகிறார். மதியம் பன்னிரண்டு மணி. காக்கா வழக்கம்போல வந்து மதிலில் உட்கார்ந்து கத்துகிறது. பக்கத்து வீட்டம்மா, ‘காக்கா இந்தக் கத்து கத்துதே, தனம் வீட்டுக்கு வந்துடுவா பாருங்க’ என்கிறாள். அவர் நம்புகிறார். காக்கா கத்தியது பசிக்கு. இங்கே அதை விளக்கி ஒரு வரி எழுதினாலும் கெட்டுவிடும்.

மூன்றாம் முறை பதினாறாம் நாள்.

சிலர் கேட்பார்கள்: மூன்றாம் முறை பறவை வராமலே போனால் நன்றாக இருக்குமே, இல்லாமையால் இழப்பைச் சொல்லலாமே என்று. சொல்லலாம். ஆனால் காக்கா விஷயத்தில் ‘வரவில்லை, ஆத்மா சாந்தியடையவில்லை’ என்பது ஊரறிந்த திருப்பம். வேறு பறவைகளுக்கு அது பொருந்தும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்கள் கரையைக் கடந்தபோது பலாவும் முந்திரியும் மாவும் வேரோடு சாய்ந்தன. மறுநாள் எங்கள் தெருவில் நான் பார்த்தது, உட்கார இடம் தேடித் தேடி ஒரே கம்பத்தில் நெருக்கியடித்த காக்காக்கள். அடுத்த கோடையில் விடியலில் விழிப்பு வந்தும் எதற்காக விழித்தோம் என்று தெரியாமல் படுத்திருந்தேன். குயில் சத்தம் இல்லை. அது கூவுகிற மாமரம் இல்லை. இழப்புக்குப் பறவை சாக வேண்டிய அவசியமில்லை, அது உட்கார்ந்த கிளை போனால் போதும்.

படி 6: யாருடைய கண், யாருடைய சொல்

ராமலிங்கம் ‘காகம்’ என்று நினைக்க மாட்டார், காக்கா என்றுதான் நினைப்பார். கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காக்கா, முழுக்கக் கறுப்பாகப் பெரிசாக இருப்பது அண்டங்காக்கா. அவருக்கு இந்த வித்தியாசம் தெரியும். தனத்துக்கு அதற்கு மேலும் தெரியும், ஒவ்வொன்றுக்கும் பட்டப்பெயர் வைத்திருப்பாள். மீன்பிடிக்கிறவர் கடலில் ஆலாக் கூட்டத்தைப் பார்த்தால் கீழே மீன் இருக்கிறதா என்றுதான் யோசிப்பார், சுதந்திரத்தைப் பற்றி யோசிக்க மாட்டார். ‘பறவை’ என்ற பொதுச்சொல் கதையில் எங்கே வந்தாலும் அடிக்கோடு போடுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் நீங்கள் பார்க்காமல் எழுதியிருப்பீர்கள்.

படி 7: எழுதிப் பாருங்கள், அப்புறம் அடியுங்கள்

மூன்றாம் காட்சிக்கு முதலில் இப்படித்தான் கை போகும்:

‘தனம் மறைந்து பதினாறு நாட்கள் ஓடிவிட்டன. ராமலிங்கம் கனத்த இதயத்தோடு மதில்மேல் சோறு வைத்தார். எங்கிருந்தோ ஒரு காகம் பறந்து வந்தது. அவரையே உற்று நோக்கியது. அந்தக் கண்களில் அவர் தனத்தின் கண்களைக் கண்டார். “தனம், நீயா?” என்று உதடுகள் முணுமுணுத்தன. காகம் ஒருமுறை கரைந்துவிட்டு நீல வானில் மறைந்தது.’

இதில் ராமலிங்கம் ஒன்றுமே செய்யவில்லை. எல்லா வேலையையும் காக்கா செய்துவிட்டது. உற்றுப் பார்த்தது, அடையாளம் காட்டியது, விடைபெற்றது. கபிலரின் குருகைக் கொண்டுவந்து இதன் பக்கத்தில் நிறுத்துங்கள், தெரிந்துவிடும். ‘எங்கிருந்தோ’ என்பதும் பொய். காக்கா எங்கிருந்தோ வராது, எதிர் வேப்பமரத்திலிருந்து வரும்.

திருத்தியது:

‘பெரியவன் இலையை மதில்மேல் வைத்துவிட்டு மூன்று தடவை கூப்பிட்டான். ராமலிங்கம் செருப்பு கிடக்கும் இடத்தில் நின்றார். வேப்பமரத்தில் ரெண்டு இருந்தன. அதில் ஒன்றுக்கு இடது காலில் ஒரு விரல் மடங்கியிருக்கும். தனம் அதை நொண்டி என்பாள்.

நொண்டிதான் இறங்கியது. சோற்றைத் தொடவில்லை. வடையைக் கவ்விக்கொண்டு மதிலோடு நடந்து மூலைக்குப் போனது. அங்கே இருந்த கொட்டாங்குச்சிக்குள் வடையைப் போட்டது. எடுத்தது. மறுபடியும் போட்டது.

“எடுத்துடுச்சி மாமா. வாங்க, சாப்பிடலாம்” என்றான் தனத்தின் தம்பி. உள்ளே பந்திக்கு இலை போடும் சத்தம் கேட்டது.

நொண்டி வடையை விளிம்பில் வைத்துவிட்டு அலகை உள்ளே விட்டுப் பார்த்தது. பதினாறு நாளாக அதில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

ராமலிங்கம் உள்ளே போய்ச் சொம்பை எடுத்து வந்தார்.’

காக்காவுக்கு வடை நனைய வேண்டும், அவ்வளவுதான். மச்சானுக்குச் சடங்கு முடிய வேண்டும். விலைவாசி பேசிய மனுஷர் சொம்போடு வருகிறார். ‘துக்கம்’ என்று எங்கும் எழுதவில்லை.

படி 8: வெட்ட வேண்டியவை

‘போல’ வரும் இடமெல்லாம் பாருங்கள். ‘ஜோடி இழந்த அன்றில் போல அவள்’ என்று எழுதிய உடனே அன்றிலும் போய்விடும், அவளும் போய்விடுவாள். பறவையைச் சாகடித்திருந்தால் ஒருமுறைக்கு ரெண்டுமுறை யோசியுங்கள். வேடன் அம்பில் ஜோடியில் ஒன்று விழுந்ததைப் பார்த்த துக்கத்தில்தான் வால்மீகி வாயில் சுலோகம் பிறந்தது என்று ராமாயணத்தின் தொடக்கத்தில் வருகிறது. அந்தக் காட்சியோடு போட்டி போட உங்கள் ஜன்னலோரப் புறாவால் முடியுமா? தலைப்பில் பறவையின் பெயர் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். கடைசி வரியில் பறவை பறந்து போனால், அந்த வரியை அடித்துவிட்டு முந்தின வரியோடு நிறுத்திப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது தடவை கதை அங்கேயே முடிந்திருக்கும்.

படி 9: விஷயம் தெரிந்தவரிடம் படித்துக் காட்டுங்கள்

எழுதுகிறவர்களிடம் மட்டும் காட்டினால் அவர்கள் ‘படிமம் அருமை’ என்பார்கள். அதனால் பயன் இல்லை. பறவை கதை என்றால் அந்தப் பறவையோடு புழங்குகிறவரிடம் போக வேண்டும். நான் மேலே உள்ள காட்சியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் படித்துக் காட்டினேன். முப்பது வருஷமாகக் காக்காவுக்குச் சோறு வைக்கிறவர். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். நொண்டிக்குச் சிரித்தார். சொம்புக்கு ஒன்றும் சொல்லவில்லை.

“எப்படிக்கா இருக்கு?” என்றேன்.

“எல்லாம் சரி தம்பி. ஆனா கொட்டாங்குச்சி மதில்மேல நிக்குமா? அடி உருண்டைல்ல, காக்கா அலகை வச்சதும் கவுந்து கீழ வந்துடும்.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. கிண்ணமாக மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

“கிண்ணம் எதுக்கு? நான் வைக்கிறேன் பாரு” என்று கையால் காட்டினார். எட்டிப் பார்த்தேன். அவர் வீட்டு மதில் மூலையில் கொட்டாங்குச்சி அசையாமல் நின்றது. அதற்கு அடியில் சும்மாடு மாதிரி, நிறம் போன பிளாஸ்டிக் வளையல் ஒன்று இருந்தது.